பந்துலதான் பட்டுச்சு

உட்காரும்மா, உட்காரு. அந்த சீட்டுக்கு ஆள் வராது. டிக்கெட் எடுத்தது என் பொண்ணுக்குத்தான், ஆனா அவ இந்த பஸ்ல வரல. கண்டக்டர்கிட்ட சொல்லிட்டேன்.

பாண்டிச்சேரியா நீ? நான் கடலூர். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு. காலைலருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கு, ஆனா பேசாம இருந்தா இன்னும் கஷ்டமா இருக்கு.

ஃபுட்பால் பாப்பியா நீ? டிவில கூட இல்லையா? அது இன்னும் நல்லது. பாக்கறவங்கல்லாம் ஆளுக்கொரு சட்டம் பேசறாங்க. ஒண்ணும் தெரியாதவங்கதான் நியாயத்த மட்டும் பாப்பாங்க. நடந்தத நடந்தபடி சொல்றேன். கேட்டுட்டுச் சொல்லு, அதுக்கு ரெட் கார்டு கொடுக்கலாமான்னு. சிவப்பு அட்டை காட்டிட்டா அந்த ஆள் வெளிய போயிடணும். அந்த டீம் மிச்ச நேரம் ஒரு ஆள் கம்மியாத்தான் ஆடணும். மஞ்சள் அட்டைன்னா எச்சரிக்கை, அவ்வளவுதான். என் பொண்ணு மேட்டரு மஞ்சளோட முடிஞ்சிருக்கணும். அதான் என் கேஸே.

கேஸுன்னு ஏன் சொல்றேன்னா, நான் கோர்ட்டுக்கு எதிர்க்க ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். டைப்பிங்கும் உண்டு. வக்கீலுங்க பாதிப் பேரு என் கடைலதான் மனு அடிப்பாங்க. அடிச்சு அடிச்சு எனக்கும் பாதி சட்டம் வந்துடுச்சு. யார் பொய் சாட்சின்னு ஆள் படியேறும்போதே எனக்குத் தெரிஞ்சுடும். அதனால பெத்தவங்கறதுக்காகப் பேசறேன்னு நெனக்காத.

மதிவதனின்னு பேரு. டிஃபெண்டர். பின்னாடி நின்னு எதிராளுங்கள கோல் போட விடாம தடுக்கறவ. கோல் போட்டா பேப்பர்ல பேர் வரும். தடுத்தவ பேரு யாருக்குத் தெரியும்? அவங்கப்பா லாரில வடக்க போனாருன்னா வர்றப்பதான் வருவாரு. நான்தான் விடியறதுக்கு முன்னாடி ஸ்கூட்டில உக்கார வச்சு கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். சின்னப் புள்ளைல இருந்து. மழைல நனைஞ்சு நின்னிருக்கேன். ஆஃப்சைடுன்னா என்னன்னு நின்னு நின்னே கத்துக்கிட்டேன்.

பொங்கல் கழிச்சு நாமக்கல்ல மாநில அளவுல போட்டி வச்சாங்க. எங்க டீம் ஃபைனல் வரைக்கும் வந்துடுச்சு. எதிர்க்க தேனிப் பக்கத்து டீம். மாநில அணிக்கு ஆள் எடுக்கறவங்க பந்தலுக்கு அடில நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. அவங்க கண்ணுல பட்டா கேம்ப்புக்குக் கூப்பிடுவாங்க. கேம்ப்ல தேறிட்டா மெட்ராஸ்ல காலேஜ் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கிடைச்சுடும். பிளஸ் டூ முடிக்கப் போற பொண்ணுக்கு வேற என்ன வேணும்?

தேனி டீம்ல பாண்டிச்செல்வின்னு ஒரு பொண்ணு. ஒல்லியா, கறுப்பா, ஊதினா காத்துல பறந்துடும். ஆனா பந்து கால்ல வந்துடுச்சுன்னா பிடிக்க முடியாது. அது எனக்கும் தெரியும், இல்லன்னு சொல்லல. போன வருஷம் ஒரு கேம்ப்ல அவளும் மதியும் ஒரே ரூம். அதுலருந்து போன எடுத்தா செல்வி, செல்வி. ஃபைனலுக்கு முன்னாடிகூட ரெண்டும் ஒண்ணா நின்னு போட்டோ எடுத்துக்குச்சுங்க. எதிர் டீம்டீன்னு சொன்னேன். ஆட்டத்துல மட்டும்தாம்மான்னா.

ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. அந்தச் செல்வி, மதிய ரெண்டு தடவ ஏமாத்திட்டுப் போனா. இந்தப் பக்கம் போற மாதிரி காட்டி அந்தப் பக்கம் போயிடறா. ரெண்டாவது தடவ கோல் விழுந்துச்சு. எனக்குப் பின்னாடி நாலஞ்சு பசங்க, 'நாலாம் நம்பரு நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்குதுடா'ன்னு சிரிக்கறானுங்க. நாலாம் நம்பரு என் பொண்ணு. பந்தல்ல உக்காந்திருந்த ஒருத்தர் ஏதோ குனிஞ்சு எழுதினாரு. என்ன எழுதியிருப்பாருன்னு நெனச்சுப் பாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கத்தினேன். கோட்டு ஓரமா நின்னு, அவள விடாதடின்னு கத்தினேன். எல்லாப் பெத்தவங்களும்தான் கத்தினாங்க.

ரெண்டாவது பாதி. செல்வி பந்த எடுத்துக்கிட்டு நேரா நான் நிக்கற பக்கம் ஓடி வர்றா. மதி பக்கவாட்டுல இருந்து ஓடி வந்து, தரைல சறுக்கிக்கிட்டே கால நீட்டினா. அத டேக்கிள்னு சொல்லுவாங்க. அனுமதி உள்ளதுதான். நான் கிட்ட இருந்தேன்மா. இப்ப நாம அந்த டிரைவர் சீட்ட பாக்கறோம்ல, அவ்வளவு கிட்ட. அவ காலு மொதல்ல பந்துலதான் பட்டுச்சு. பந்து நகந்துச்சு. அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு விழுந்துச்சு.

விழுந்தவ எழுந்திரிக்கல. பின்னாடி சிரிச்சிட்டிருந்த பசங்களும் நிறுத்திட்டானுங்க. காலு முட்டிக்குக் கீழ... வேணாம், விடு. நீ சாப்பிட்டுட்டு வந்திருப்ப.

ரெஃப்ரி ஒரு சின்னப் பொண்ணு. என் பொண்ண விட நாலஞ்சு வயசு கூட இருந்தா அதிகம். ஓடி வந்தா, விழுந்தவளப் பாத்தா, உடனே கை பாக்கெட்டுக்குப் போயிடுச்சு. லைன்ல நிக்கறவர ஒரு வார்த்த கேக்கல. சிவப்பு. ரத்தத்தப் பாத்து அட்டை கொடுக்கறதா சட்டம்? அதே டேக்கிளுக்கு அந்தப் பொண்ணு எழுந்து தட்டிவிட்டு ஓடியிருந்தா மஞ்சள்கூட வந்திருக்காது. நான் சொல்றது சரிதானே?

என் வயித்தெரிச்சல் என்னன்னா, மதி ஒரு வார்த்த சண்டை போடல. மத்த பொண்ணுங்க ரெஃப்ரியச் சுத்திக்கிட்டு கத்துதுங்க, இவ செல்வியவே பாத்துட்டு நிக்கறா. அட்டைய முழுசா தூக்கறதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுட்டா. நேரா என் பக்கம் வந்தா. தண்ணி பாட்டில நீட்டினேன். வாங்கல.

"சந்தோஷமா?"ன்னு கேட்டா.

எதுக்கு அப்படிக் கேட்டான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. ஒரு கோல் பின்தங்கி நிக்கறோம், ஆளும் ஒண்ணு கம்மி. சந்தோஷம் எங்கிருந்து வரும்?

அதோட போச்சான்னா போகல. எலும்பு முறிஞ்சதால விசாரணை வைக்கறோம்னு ஃபுட்பால் சங்கத்துல இருந்து கடிதாசி. ரெட் கார்டு உறுதியாச்சுன்னா தடை போடுவாங்க. தடை போட்டா கேம்ப் இல்ல. நான் சும்மா இருப்பேனா? உக்காந்து மனு அடிச்சேன். என் கடை, என் கம்ப்யூட்டரு.

தணிகாசலம்னு ஒரு வக்கீல், சின்ன வயசுல பந்து ஆடினவரு. அவருகிட்ட வீடியோவக் காட்டினேன். எங்க டீம் பொண்ணு ஒருத்தியோட மாமா போன்ல எடுத்தது. ரெண்டு தடவ பாத்தாரு. மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"பந்துல பட்டுச்சா இல்லையாங்கறது கேள்வியே இல்லம்மா. எவ்வளவு வேகம், காலு எவ்வளவு ஒசரம், எதிராளுக்கு ஆபத்தா இல்லையா, அதத்தான் பாப்பாங்க. பூட்சோட அடிப்பக்கம் முழுசாத் தெரியுதே"ன்னாரு.

"சறுக்கினா அடிப்பக்கம் தெரியாம மேல்பக்கமா சார் தெரியும்?"

"இது யாரு கத்தறது, பின்னாடி?"

"நான்தான். கால் வச்சு நிறுத்துடின்னேன். காலுன்னா மதியோட காலத்தான் சொன்னேன்."

அவரு போன என் கைல கொடுத்துட்டாரு. "இத நீங்க தாக்கல் பண்ணாம இருக்கறது நல்லது"ன்னாரு. என்ன வக்கீலோ. ஆதாரத்த வச்சுக்கிட்டு தாக்கல் பண்ண வேணாமாம்.

வீட்டுல அதுக்கு மேல. நான் வீடியோவ நிறுத்தி நிறுத்தி, பந்து நகர்ற இடத்துல வச்சு மதிகிட்ட காட்டறேன். "இங்க பாரு, இந்த எடம். இதத்தான் நீ சொல்லணும்." அவ போன வாங்கி, விரலால துளி முன்னாடி தள்ளினா. "இப்பப் பாரும்மா. பந்து அங்க போயிடுச்சு. என் காலு எங்க இருக்கு?" நான் மறுபடி பின்னாடி தள்ளினேன். அவ முன்னாடி தள்ளினா. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல இதுதான் எங்க வீட்டுல நடந்துச்சு, தினமும்.

அப்புறம் மனுவப் படிச்சா. அதுல ஒரு வரி இருந்துச்சு, 'எதிரணி வீராங்கனை தனது கவனக்குறைவினால் நிலை தடுமாறிக் கீழே விழுந்தார்'னு. அந்த எடத்துல விரல வச்சுட்டு, "இத எடுத்துடும்மா"ன்னா.

"மனுன்னா அப்படித்தான்டி எழுதணும். எதிர்க் கட்சி மேல ஒண்ணு போடலன்னா நம்ம கட்சி நிக்காது."

"செல்வி எதிர்க் கட்சியா?"

நான் எடுக்கல. எடுத்தா மனு நொண்டிடும். அன்னைலருந்து அவ என்கிட்ட பேசறத நிறுத்திட்டா. சோறு போட்டா சாப்பிடுவா. ஸ்கூட்டில உக்காருவா, ஆனா முன்ன மாதிரி இடுப்பப் பிடிச்சுக்க மாட்டா, பின்கம்பியப் பிடிச்சுக்குவா. கேம்ப்புக்குப் போயிட்டா தன்னால சரியாயிடும்னு நான் விட்டுட்டேன்.

இன்னைக்குத்தான் விசாரணை. காலைல முதல் பஸ்ல மெட்ராஸ் வந்தோம். ஒரு ஸ்டேடியத்துக்குள்ள மாடில ரூம். மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு. நடுவுல இருந்தவருக்கு வயசு இருக்கும், வெள்ளச் சட்டை. ஓரத்துல அந்த ரெஃப்ரி பொண்ணு. இன்னொரு ஓரத்துல ஒரு அம்மா, எக்ஸ்ரே கவர மடில வச்சுக்கிட்டு. பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு, செல்வியோட அம்மா. முத்துப்பேச்சின்னு பேரு. போடில ஏலக்காய் கடைல காய் பிரிக்கற வேலையாம். நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். எதிர்க் கட்சிக்காரங்களோட விசாரணைக்கு முன்னாடி பேசக் கூடாது, அது ஒழுங்கு. ஆனா மதி நேரா அவங்ககிட்டப் போயி நின்னுட்டா. அந்த அம்மா அவளத் தலைலருந்து கால் வரைக்கும் பாத்துச்சு. "நீதான் மதியா"ன்னுச்சு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் கேக்கல.

நான்தான் முதல்ல பேசினேன். பாயிண்டு பாயிண்டா வச்சேன். பந்துலதான் பட்டுச்சு. வேணும்னு செய்யல. ரெஃப்ரிக்கு அனுபவம் பத்தாது. லைன்மேனக் கேக்கல. எல்லாம். வீடியோவ அவங்க லேப்டாப்ல போட்டுப் பாத்தாங்க.

ரெஃப்ரி பொண்ணு எழுந்துச்சு. குரல் நடுங்குச்சு, ஆனா வார்த்த மாறல. "சார், பந்துல பட்டத நான் பாத்தேன். ரிப்போர்ட்டுலயும் எழுதியிருக்கேன். பட்டதுக்கு அப்புறமும் கால மடக்கல. வேகத்தக் குறைக்கல. அதனாலதான் கொடுத்தேன்." உக்காந்துச்சு. என்னப் பாக்கல.

அப்புறம் அந்த முத்துப்பேச்சிய, நீங்க ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டாங்க. நான் நஷ்ட ஈடு கேக்கும்னு நெனச்சேன். அதுக்கும் பதில் தயாரா வச்சிருந்தேன்.

"எம்மக மறுபடி ஓடுவாளான்னு டாக்டரு சொல்ல மாட்டேங்கறாரு. இந்தப் புள்ளைய ஆடவிடாம வச்சா எம்மக காலு ஒட்டிருமாய்யா? அத நா கேக்கல. அந்தச் செவப்பு அட்டைய மட்டும் மாத்திராதீக. எம்மக சொல்லிவிட்டது அது ஒண்ணுதான். 'அத இல்லைன்னு சொல்லிட்டா நா சும்மா தடுக்கி விழுந்தேன்னு ஆயிரும்மா, எங்காலு எங்கவனக்குறைவால போச்சுன்னு ஆயிரும்'னு அழுகுறா."

என் மனுவோட காப்பி அவங்களுக்கும் போயிருக்கு. சட்டப்படி போகும். அது எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பொண்ணு படுத்துக்கிட்டு அதப் படிப்பான்னு நான் நெனக்கல. நெனச்சா மனு அடிக்க முடியுமா?

கடைசியா மதிய எழுப்பினாங்க. வர்ற வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன். ரெண்டே வார்த்த, 'பந்துக்குத்தான் போனேன்'. அத மட்டும் சொல்லிட்டு உக்காருன்னு.

அவ எழுந்து, "பந்துல பட்டுச்சு சார். எங்கம்மா சொல்றது சரிதான்"ன்னா. எனக்கு உயிரு வந்துச்சு. அப்புறம் சொல்றா, "ஆனா நான் பந்துக்குப் போகல."

பெரியவரு பேனாவக் கீழ வச்சாரு. "அப்புறம் எதுக்கும்மா போன?"

"செல்வி காலுக்கு."

நான் எழுந்துட்டேன். பொண்ணு பயத்துல ஒளறுதுன்னு சொன்னேன். உக்காருங்கம்மான்னு சத்தம் போட்டாரு. அவகிட்ட கேக்கறாரு, "யாராச்சும் அப்படிச் செய்யச் சொன்னாங்களா? கோச்சு யாராச்சும்?"

அவ மேசையப் பாத்தா. எனக்கு இங்க, நெஞ்சுல, என்னமோ அடிச்சுக்குது. எதுக்கு அடிச்சுக்கணும், நான் என்ன கோச்சா?

"வெளிய இருந்து நெறைய சத்தம் வந்துச்சு சார். ஆனா காலு என்னோடது"ன்னா.

பாத்தியா? வெளிய இருந்துன்னு பொத்தாம்பொதுவாச் சொல்லிட்டா. அம்மான்னு சொல்லல. சொல்லியிருந்தா நான் எழுந்து பதில் சொல்லியிருப்பேன்ல? அவ கால ஒடைடின்னா நெஜமா ஒடைக்கறதா? வீட்டுல பால் பொங்கி வழிஞ்சாக்கூட கால ஒடைப்பேன்டின்னுதான் சொல்லுவேன். இத்தன வருஷத்துல எத்தன தடவ சொல்லியிருப்பேன், யாரு காலு ஒடைஞ்சுச்சு? அது வாயில வர்ற வார்த்த. நீ கேட்டதில்ல? உங்கம்மா சொன்னதில்ல? அத எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கணும். கொடுக்கல அவ.

தீர்ப்பச் சொல்லிட்டாங்க. சிவப்பு சிவப்புதான். இந்த சீசன் முழுக்க ஆடக் கூடாது. கேம்ப் போச்சு. பொண்ணு உள்ளதச் சொன்னதால குறைச்சிருக்கோம்னு பெரியவரு என்னப் பாத்துச் சொன்னாரு, என்னமோ எனக்கு நல்லது பண்ற மாதிரி.

வெளிய வந்தா, படிக்கட்டுல முத்துப்பேச்சி போன நீட்டுது மதிகிட்ட. செல்வி லைன்ல. இவ போன வாங்கிக்கிட்டு கீழ்ப் படில போயி உக்காந்துட்டா. நான் மேல நிக்கறேன். ஒண்ணும் கேக்கல எனக்கு. முதுகு குலுங்கறது மட்டும் தெரியுது. அப்புறம் ஒரு எடத்துல சிரிச்சா. சிரிச்சான்னா நம்புவியா? என்கிட்ட ஒரு வார்த்த பேசாதவ, கால ஒடைச்சவகிட்ட... ஒடைஞ்சவகிட்ட சிரிக்கறா.

அந்த அம்மா என் பக்கத்துல வந்து நின்னுச்சு. ஏதாச்சும் சொல்லும்னு பாத்தேன். திட்டினாகூட பரவால்லன்னு இருந்துச்சு, பதில் சொல்லலாம்ல. அந்த அம்மா பாட்டுக்கு எக்ஸ்ரே கவரு காத்துல பறக்காம புடவையால மூடிக்கிட்டுச்சு.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூணு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம். அங்க வந்துதான் சொல்றா, "அம்மா, நான் இவங்களோட போயி செல்வியப் பாத்துட்டு வரேன்."

"உன்ன வீட்டுக்குள்ள விடுவாங்களாடி?"

"விடலன்னா வாசல்ல நிக்கறேன்."

முத்துப்பேச்சி சொல்லுது, "பிள்ளைய நா பாத்துக்கிறேன்க்கா, நீங்க பயப்படாதீக." என் பிள்ளைய அவங்க பாத்துக்குவாங்களாம்.

பஸ் ஏறப் போறவ திரும்பி வந்தா. இத்தன நாள் கழிச்சு என் கையப் பிடிச்சா. "நீயும் வாம்மா"ன்னா.

"நான் எதுக்குடி? நான் என்ன பண்ணேன்?"

அவ என்னப் பாத்த பார்வ இருக்கே. கோவம் இல்ல. கோவமா இருந்தா எனக்குத் தெரியும். கைய விட்டுட்டு, "சாப்பிட்டுட்டு ஏறு"ன்னு சொல்லிட்டுப் போயி உக்காந்துட்டா. நான் இந்த பஸ்ல ஏறிட்டேன்.

நீ சொல்லு இப்ப. இரு, வீடியோவக் காட்டறேன், பாத்துட்டே சொல்லு. இந்தா. பந்த மட்டும் பாரு. சத்தம் எதுக்கு, சத்தத்தக் குறைச்சுடு. அதுல என் குரல்தான் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. இங்க, இந்த எடம். பட்டுச்சா? பந்து நகந்துச்சா?

ஏம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?

சரி கொடு. நீயும் சின்னப் பொண்ணு. மேல்முறையீடு இருக்கு, நான் விடப் போறதில்ல. முப்பது நாள் டைம் கொடுப்பாங்க பொதுவா. அந்தக் கவனக்குறைவு வரிய வேணா எடுத்துடலாம். அது இல்லாமலும் எழுதலாம்னு இப்பத் தோணுது.

இது எந்த ஊரு? அச்சரப்பாக்கம் தாண்டிட்டமா? அடுத்தது திண்டிவனந்தானே? ஒண்ணு கேக்கறேன். தேனி போற பஸ்ஸெல்லாம் இந்த வழியாத்தானே வரும்? அவங்க பஸ்ஸ நமக்கு அப்புறம்தான் எடுத்திருப்பாங்க. நாம கிளம்பறப்ப அந்த பஸ் டிரைவர் டீ குடிச்சிட்டிருந்தாரு. திண்டிவனத்துல இறங்கி ரோட்டோரம் நின்னு கை காட்டினா நிறுத்துவாங்களா?

போறதுக்கு இல்லம்மா. சும்மாத்தான் கேக்கறேன். நான் அங்க போயி என்ன பேசப் போறேன்? படுத்துக் கிடக்கற பொண்ணுகிட்ட போயி, பந்துலதான் பட்டுச்சுன்னு சொல்ல முடியுமா?

அந்தக் கண்டக்டரு இந்தப் பக்கம்தான் வர்றாரு. நீ கேளேன். நான் கேட்டேன்னு சொல்லாத, உனக்குக் கேக்கற மாதிரி கேளு.